மூன்றாம் வளைவில் விழுந்தவன்

லயனல் ப்ரிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் பார்ப்பவர். வண்டிகள் கிளம்பும்போது மூடுவார். முதல் வளைவில் சத்தம் திரும்பும்போது திறப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த ரெண்டு செகண்டுல யாரு வேணும்னாலும் ஜெயிக்கலாம், நெவில். கண்ணைத் திறந்தா நம்மாளு கடைசில வந்துட்டிருப்பான்."

நம்மாள் பெரும்பாலும் கடைசியில்தான் வந்தான். தோர்ப்வெல் நாரைகள் என்பது எங்கள் அணி. பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் அணிக்கு இரண்டு பேராக நான்கு பேர், செம்மண் தடத்தில் நான்கு சுற்று. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிற பைத்தியங்கள் நாங்கள். நான் தடத்தில் மண் வாருகிறவன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும், வண்டிகள் வெளிப்பக்கம் வாரி இறைத்த மண்ணை உள்ளே இழுத்துவிட வேண்டும். கூலி ஒரு கப் டீ. மழை பெய்தால் அதுவும் பச்சைத் தண்ணீர்.

லயனல் எங்கள் ஊர் வடிகாலில் பம்ப் ஓட்டினார். நாற்பத்தோரு வருஷம் தண்ணீரைத் தாழ்விலிருந்து மேட்டுக்குத் தள்ளியதுதான் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பீட்ரூட் வயல்களைத் தாண்டி ஏதோ உறுமல் கேட்டிருக்கிறது. தன் பம்ப்தான் உடைந்துவிட்டது என்று உள்ளே போய்ப் பார்த்தால், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் சத்தம் எங்கிருந்து என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழி நெடுகக் காற்றில் எரிந்த விளக்கெண்ணெய் வாசனை. அந்த எஞ்சின்களுக்கு அப்போது விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். மைதானத்துக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்து, தடத்தின்மேல் புழுதி பொன்னிறமாக நின்றதாம். அதற்குள்ளிருந்து நான்கு பேர் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு வந்தார்களாம். ஒருவர் முகமும் தெரியவில்லையாம்.

"செத்ததுக்கப்புறம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். பயமே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

அன்று எங்கே நின்றாரோ அங்கேயே ஐம்பத்து மூன்று கோடைகள் நின்றார். மூன்றாம் வளைவு, கம்பியோரம். அங்கே நிற்பவர்களுக்கு மண் இலவசம். தொப்பியில், டீயில், சாண்ட்விச்சில், காதுக்குள் எல்லாம் வந்து விழும். விவரம் தெரிந்தவன் அங்கே நிற்கமாட்டான்.

இன்னொரு விவரம் தெரியாத ஆளும் இருந்தாள். அவள் பெயர் ஏவிஸ். முப்பத்தொரு வருஷம் அவருக்கு வலப்பக்கம் நின்றாள். அவளுக்கு இடது முழங்கால் வலிக்கும், டீக்குச் சர்க்கரை ஆகாது, வெற்றி பெறுகிறவன் யாராக இருந்தாலும் அவன்தான் அவள் ஆள். இவ்வளவும் லயனலுக்குத் தெரியும். அவளுடைய குடும்பப் பெயர், ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், இதெல்லாம் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. எங்கள் மைதானத்தில் யாரும் யாரையும் அதெல்லாம் கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் நிற்கப்போகிற ஆளிடம் விலாசம் எதற்கு?

கடைசி சனிக்கிழமை அது கடைசி என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்பதாவது ஓட்டம். எங்கள் கேப்டன் ஸ்லீத் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். லயனலுக்கு ஸ்லீத் என்றால் உயிர். பன்னிரண்டு வருஷம் எங்களை விட்டுப் போகாமல், காலில் தகடு வைத்துக்கொண்டு ஓட்டியவன். மூன்றாம் வளைவில் எதிரணிப் பையன் உள்பக்கமாக நுழைந்தான். ஸ்லீத் கீழே போனான். சிவப்பு விளக்கு எரிந்தது. இடித்துத் தள்ளியதாக நடுவர் எதிரணிப் பையனை வெளியே அனுப்பினார். மறுபடி ஓட்டினார்கள், ஸ்லீத் ஜெயித்தான். கூட்டம் எகிறிக் குதித்தது.

நான் அப்போது மண் வாரும் ரேக்கோடு கம்பிக்கு உள்ளே, தடத்தின் பக்கம் நின்றேன். ஏவிஸ் சொன்னது காதில் விழுந்தது.

"யோவ், உங்காளு எங்கய்யா விழுந்தான்? படுத்துல்ல கிடந்தான்! அந்தப் புள்ளயோட காத்துகூட அவன் மேல படல."

பின்னால் வருகிறவன் வேண்டுமென்றே விழுந்தால் ஓட்டம் நிற்கும், மறுபடி ஒரு வாய்ப்பு கிடைக்கும். பழைய தில்லுமுல்லு. ஆனால் ஒரு கேப்டனைப் பார்த்து அதைச் சொல்வது, அவன் அம்மாவைத் திட்டுவதற்குச் சமம்.

லயனலின் முகம் சிவந்துவிட்டது. அதற்கு முன்பு அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"முப்பத்தொரு வருஷமா கண்ணை அவிச்சுக்கிட்டா இங்க நிக்கிற? உனக்கு ரேஸ் பாக்கவே தெரியாது. எதுக்கு வர்ற நீ?"

ஏவிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பத்தாவது ஓட்டத்துக்கு முன்பு மழை பிடித்துக்கொண்டது. தடம் குழம்பாகிவிட்டது, மிச்சத்தை ரத்து செய்தார்கள். ஏவிஸ் பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்குப் போனாள். லயனல் கூப்பிட வாயெடுத்தார். அப்புறம், மார்ச் மாதம் அடுத்த பருவம் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மார்ச் வரவில்லை. குளிர்காலத்தில் மைதானத்தை விற்றுவிட்டார்கள். மூன்றாம் வளைவு இருந்த இடத்தில் இன்று அட்டைப்பெட்டி அடுக்குகிறார்கள்.

ஏப்ரலில் லயனல் என் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடிக்காமல் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெவில், அவ சொன்னது நிஜம்."

"எவ?"

"ஏவிஸ். ஸ்லீத் படுத்தான். நான் பார்த்தேன். ஹேண்டிலை அவனே விட்டான். என் கண்ணு முன்னாடி." கப்பைத் தள்ளி வைத்தார். "தெரிஞ்சுக்கிட்டேதான் அவளை அப்படிக் கேட்டேன். எதுக்கு வர்ற நீன்னு கேட்டேனே, அவ எங்கயும் வராமப் போயிட்டா என்ன பண்றது?"

அவளைக் கண்டுபிடித்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? பந்தய வாரப் பத்திரிகைக்கு எழுதினோம். பதில் இல்லை. நான் ஃபேஸ்புக்கில் போட்டேன். கல்யாணம் எப்போது என்று கேட்டு நாற்பத்தேழு பேர் எழுதினார்கள், உருப்படியாக ஒருத்தரும் இல்லை.

"அவ ரேஸை விட்டிருக்கமாட்டா. வேற மைதானத்துக்குப் போவா. போனா எங்க நிப்பா?" என்றார் லயனல்.

"மூணாம் வளைவுல."

"அப்புறம் என்ன? வண்டியை எடு."

அப்படித்தான் மூன்று கோடைகள் போயின. நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ஓட்டங்களைச் சொல்லிக்கொண்டு வருவார். எழுபத்தாறாம் வருஷம் பனிமூட்டத்தில் நடந்த அரையிறுதி. வண்டிகள் எதிர்ப்பக்க நேர்கோட்டில் காணாமல் போய், யார் முதலில் வெளியே வருவார்கள் என்று ஆறாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. செயின் அறுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்து ஒரு புள்ளி வாங்கிய டென்மார்க்காரன். சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் புழுதி கண்ணில் தெரியும். சில நாள் வண்டி ஓட்டுகிறேனா கனவு காண்கிறேனா என்றே தெரியாது. ஊர் வந்ததும் அவர் நேராக மூன்றாம் வளைவுக்குப் போவார். அங்கே வேறு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

நாலாவது கோடையில், ஜூலை மாதம், கடலோரம் வெரிங்கம் மைதானம். ஏழரை மணிக்கும் நல்ல வெளிச்சம். மூன்றாம் வளைவில் ஊதாத் தொப்பி போட்ட ஒரு கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு பை. அங்கே நிற்க வந்த ஒருவனிடம், "இங்க ஆள் வருது, தள்ளிப் போப்பா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

லயனல் அசையவில்லை. நான்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

ஏவிஸ் திரும்பிப் பார்த்தாள். பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"ரெண்டு ஓட்டம் முடிஞ்சுபோச்சு. இதான் வர்ற நேரமா?"

இந்த ஊரில் தங்கை வீட்டோடு வந்துவிட்டாளாம். வாரப் பத்திரிகையின் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதென்று வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டாளாம். லயனல் இது எதையும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மூன்று வருஷமாகக் காரில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ.

"அவன் படுத்தான், ஏவிஸ். ஸ்லீத். நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும். உன்னைப் போய் அப்படிப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோ."

ஏவிஸ் அவரையே பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது.

"அய்யய்யோ, நிஜமாவா படுத்தான்?"

"நீதானே சொன்ன!"

"நான் எங்கய்யா பார்த்தேன்? அன்னிக்கு என் கண்ணாடி பூரா மண்ணு, ஒண்ணும் தெரியல. கூட்டம் கத்துனதை வச்சு, உன்னைக் கொஞ்சம் சீண்டலாம்னு சும்மா சொன்னேன். நீ அப்படிக் கோபப்பட்டதும், சரி, அவன் விழுந்துதான் இருக்கான், நாமதான் தப்பாப் பேசிட்டோம்னு நெனச்சேன். இத்தனை நாளா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன்."

லயனல் கம்பியில் சாய்ந்துவிட்டார். பம்ப் உடைந்தாலும் கலங்காத மனுஷன். பன்னிரண்டு வருஷம் உயிராக வைத்திருந்தவனைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டார், அதுவும் ஒன்றுமே பார்க்காத ஒருத்தியிடம். எனக்கே எங்காவது போய்விடலாம் போலிருந்தது, போகவில்லை.

மூன்றாவது ஓட்டத்துக்கு வண்டிகள் வந்து நின்றன. எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. லயனல் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரமாக இருந்தது. ஏவிஸ் அவர் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து, அவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகக் கத்தினாள். அதனால் எனக்கும் கேட்டது.

"உன் ஸ்லீத் விழுந்தான்யா. நான் பார்த்தேன்."