ஆமைப்பூட்டுப் போட்ட வீட்டில் ஓர் உயிர்

கொழும்பில் எனக்கு ஏற்றிய ஊசிமருந்து, உலக யுத்தத்தில் ஆட்களைக் கொல்லப் பாவித்த விஷவாயுவின் நெருங்கிய சொந்தம் என்று டாக்டரே சொன்னார். புற்றுக் கட்டியை அது கொல்லும் என்றார். இடையில் நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும் என்பதால், சொன்ன நாளில் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அதற்கிடையில் என்னை என்ன செய்யும் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து விலகி, நெடுங்கேணிக்கு வடக்கே குடியேற்றத் திட்டத்தில் ஒரு காணி எடுத்துத் தனியே இருந்தேன். ஊசிக்குப் பிறகு வந்த களைப்பு நான் அறிந்த எந்தக் களைப்பிலும் சேர்த்தியில்லை. வேலை செய்தால் களைப்பு வரும், படுத்தால் போகும் என்பதே அதுவரை என் அனுபவம். இது படுத்துக் கிடப்பதாலேயே கூடியது. சேர்ட்டில் ஒரு பொத்தான் பூட்டிவிட்டு, அடுத்ததற்கு முன் கட்டிலில் சாய வேண்டியிருந்தது. கஞ்சி காய்ச்சினால் குடிக்கத் தெம்பில்லை. குடிக்கத் தெம்பிருந்த நாளில் காய்ச்சத் தெம்பில்லை.

இதற்கு எங்கள் பகுதியில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பஞ்சி. சோம்பலுக்கும் அதுதான் பெயர்.

"உமக்கு வருத்தம் ஒண்டுமில்லை. பஞ்சி. விடியக் காலமை எழும்பி நாலு பாத்தி கொத்தினீரெண்டால் எல்லாம் பறந்திடும்" என்றார் ஓய்வுபெற்ற பெரிய வாத்தியார். நோயாளியை வருத்தம் பார்க்க வருபவர்களில் அவரே தலைவர். தோடம்பழமும் பிஸ்கட்டுமாக ஆட்களைக் கூட்டி வருவார். வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால், நான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று பார்க்க வந்தவர்களுக்கு நானே அடுப்பு மூட்டினேன். அவர்கள் ஊதி ஊதிக் குடித்தபடி என் முகத்தில் தெளிவு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அடுப்புப் புகையில் சிவந்த முகம் அது.

அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியது. பஸ் நிற்கும் சந்தி அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம். அதை நடக்கிற அளவு தெம்பையாவது மிச்சம் பிடிக்க வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம், முன்கதவில் வெளியே ஆமைப்பூட்டைப் போட்டேன். சுற்றிவந்து பின்புறக் குசினிக் கதவால் உள்ளே நுழைந்து, அதையும் சாத்திவிட்டுப் படுத்தேன். வருபவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள் என்பது என் திட்டம்.

முதலில் திரும்பியது குடிதண்ணீர். பக்கத்துக் காணிப் பெண் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரை விறாந்தையில் வைத்துவிட்டுப் போவா. மறுநாள் பூட்டைக் கண்டதும், நான் முந்திப் புறப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே திரும்பிவிட்டா. வாசற் படலையடியில் வாத்தியாரின் சைக்கிள் மணி கேட்டது.

"அண்ணை போட்டார், வாத்தியார். இனி நான் தண்ணி சுமக்கத் தேவையில்லை."

எங்கள் பேச்சில் பயணம் போனவரும் போட்டார்தான், செத்தவரும் போட்டார்தான். அவ அதைச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டா. வாத்தியார் செய்தியோடு ஊருக்குள் போனார்.

மத்தியானம் ஆகுமுன் முற்றம் நிறைந்துவிட்டது. யன்னல் சாத்தியிருந்ததால் குரல்கள் மட்டும் வந்தன.

"ஆஸ்பத்திரியிலைதான் முடிஞ்சிருக்கும். நேற்றே கொண்டு போயிருப்பினம்."

"பிரேதம் இஞ்சை வருமோ, அங்கையே எரிப்பினமோ?"

"வந்தால் விறகு வேணும். அந்த மூலை முதிரையைத் தறிச்சால் காணும்."

"விசரே உனக்கு? முதிரை நிலைக்கதவுக்கு மரம். பாலையைத் தறி."

"நல்ல மனிசன்," என்றது வாத்தியாரின் குரல். "பஞ்சிதான் ஆளைக் கொண்டு போனது."

பல மரண அறிவித்தல்களைத் திருத்தியவன் நான். இதிலும் திருத்த நிறைய இருந்தது. ஆனால் மறுப்பு வெளியிடுவதென்றால் எழும்ப வேண்டும். எழும்பினால் நாளைக்குச் சந்திவரை போக என்ன இருக்கும்? செத்தவனாக இருப்பதில் செலவு குறைவு. கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாழ்ப்பாணத்திலை தமக்கையார் இருக்கிறா. தந்தி அடிக்க வேணும். தம்பி, சைக்கிளை எடு."

அக்காவுக்கு இருதயம் பலவீனம். அந்தத் தந்தி அவவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டேன், சத்தம் கட்டிலைத் தாண்டவில்லை. கைக்கெட்டியது தண்ணீர் குடிக்கும் தகரப் பேணி. அதை யன்னலில் எறிந்தேன். யன்னல் கதவு விரிந்து, பேணி முற்றத்தில் உருண்டது.

"ஆர் உள்ளுக்கை?"

"நான்தான்."

வாத்தியாரின் தலை யன்னலில் தெரிந்தது. "நீரோ? நீர் போட்டீரெல்லோ?"

"போகேல்லை. தந்தியை நிப்பாட்டுங்கோ."

"இவ்வளவு சனமும் கதைக்கக் கேட்டுக்கொண்டே கிடந்தனீர்? சீவனோட இருக்கிறன் எண்டு எழும்பி வந்து சொல்லவும் பஞ்சியோ?"

சைக்கிளைத் திருப்பினார்கள். கூட்டத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. குறை சொல்ல மாட்டேன். நோயாளிக்குத் தோடம்பழம் கொண்டுவந்த ஊர், பிரேதத்துக்கு உழவு மெசினே கொண்டுவந்திருந்தது. பாலையைத் தறித்து ஏற்றப் பின்னால் இழுவைப் பெட்டியும் பூட்டியிருந்தார்கள். மெசின்காரர் தலையைச் சொறிந்தார்.

"வந்தது வந்திட்டுது. நாளைக்கு உங்களைச் சந்தியிலை இறக்கி விடட்டே?"

மறுநாள் காலை பெட்டியில் வைக்கோல் பரப்பி, வெள்ளைத் துணி விரித்து, என்னைத் தூக்கி நீட்டிக் கிடத்தினார்கள். வாத்தியார் தலைமாட்டில் குடை பிடித்தபடி உட்கார்ந்தார். நேற்றைய செய்தி போன இடமெல்லாம் இன்றைய திருத்தம் போயிருக்கவில்லை. மெசினைக் கண்டவர்கள் வழியோரம் ஒதுங்கி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தார்கள். ஒரு கிழவி ஒப்பாரியே தொடங்கிவிட்டா. ஒரு கையை உயர்த்தினால் போதும், எல்லோரும் சிரித்திருப்பார்கள். உயர்த்தவில்லை. பஸ்ஸில் ஏற இரண்டு படி இருந்தது. அந்தக் கை கம்பியைப் பிடிக்க வேண்டும்.