சேலை கொண்டுவந்தவன்

கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். என் கணவருக்குப் பினாங்கில் கடை. அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்களிடம் சாமான் கொடுத்தனுப்புவது எங்கள் தெருவில் வழக்கம்.

நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வந்த வாரம், மத்தியானம் ஒருவன் கதவைத் தட்டினான். "பினாங்குலேர்ந்து வர்றேன் தங்கச்சி. மச்சான் சேலை குடுத்தனுப்புனாரு" என்றான். ஆசையில் உடனே திறந்துவிட்டேன்.

அவன் நீட்டிய பொட்டலத்துக்குள் இருந்தது கத்தி. அதைக் கழுத்தில் வைத்துச் சங்கிலியை இழுத்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தமாகியும் விடவில்லை. தோட்டைப் பிடித்திழுத்து என் காதைக் கிழித்துவிட்டு ஓடியவனைத் தெருவே கூடி அடித்து நொறுக்கியது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. போன மாதம் சொல்லாமல் வந்த என் கணவரிடமும், "ஜன்னல்கிட்ட வந்து மொகத்தக் காட்டுங்க" என்றேன்.

கோபமாக வந்தவர் என் காதைப் பார்த்தார். நான் கதவைத் திறக்கும்வரை ஜன்னலில் முகத்தைக் காட்டியபடி நின்றார்.