எட்டாவது வண்டி

நான் கார்ப் பந்தயத்தில் ஓட்டியவள் என்று சொன்னால் அலுவலகத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் காகிதங்களைத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு. காலை எட்டே காலுக்குத் திலக் நகரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆயிரம் பேரில் ஒருத்தி. ஆனாலும் ஐந்து வருடம் ஓட்டினேன்.

என் கணவருக்குத் தாராவியில் சின்ன கராஜ். பழைய எண்ணூறு சிசி கார்கள்தான் அவருக்குப் பழக்கம். வாடிக்கையாளர் ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன காரைப் பந்தய வண்டியாக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. சென்னைக்கு வெளியே இருக்கிற டிராக்கில் அந்தக் கார்களுக்கென்றே ஒரு பிரிவு நடந்துகொண்டிருந்தது. இருப்பதிலேயே செலவு குறைந்த பிரிவு. சீட்டைப் பிடுங்கி, கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வெல்டிங் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஓட்டுவதற்கு அவரே போவதாகத்தான் இருந்தது. எண்பத்தாறு கிலோ எடை அவர். நான் நாற்பத்தொன்பது.

“நான் ஏறினா ஒண்ணரை மூட்டை அரிசி கூட ஏத்துன மாதிரி. இந்த எஞ்சின் இழுக்காது. நீ ஓட்டுட்டி” என்றார்.

வாடிக்கையாளர்களின் கார்களைக் கராஜ் இருக்கிற சந்திலிருந்து ரிவர்ஸில் வெளியே எடுத்துக் கொடுப்பது பல வருடமாக என் வேலைதான். இரண்டு பக்கமும் நாலு விரல் இடம்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில் சரி என்றேன்.

முதல் வருடம் நான் நின்ற இடத்திலிருந்து புறப்பாட்டு விளக்கே தெரியவில்லை. முன்னால் அத்தனை வண்டிகள். முன்வண்டி நகர்ந்ததைப் பார்த்துத்தான் கிளம்பினேன். மெக்கானிக்குகள், பேங்க் கேஷியர், கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு தம்பி, பெங்களூரிலிருந்து ஒரு பல் டாக்டர் என்று எல்லா விதமான ஆட்களும் இருந்தார்கள். ஒருவரிடம் மாற்று பிரேக் பேடை இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போவார், அதே ஆளைப் பந்தயத்தில் முந்தப் பார்ப்பார். இரண்டாவது வருடம் ஒரு பந்தயத்தில் நான்காவதாக வந்தேன். அதற்கு மேல் நான் வந்ததில்லை.

அதன் பிறகு ஆயிரத்து இருநூறு சிசி வண்டிகளுக்குப் புதுப் பிரிவு வந்தது. வண்டியை அமைப்பாளர்களே வாடகைக்குத் தருவார்கள். ஹெல்மெட்டோடு வந்து ஓட்டிவிட்டு ஹெல்மெட்டோடு திரும்பிப் போகலாம். கிரீஸ் படாது, லாரி பிடிக்க வேண்டாம். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு அது தோதாக இருந்தது. எங்கள் கார் அவர்கள் பிறந்தபோதே பழசாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வருடத்துக்கு வருடம் எங்கள் வரிசை சுருங்கியது. நான்காவது வருடம் விளக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஐந்தாவது வருடம் பெயர் கொடுக்கும்போது விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. எட்டு வண்டியாவது நின்றால்தான் தனிப் பந்தயம். குறைந்தால் பெரிய வண்டிகளோடு சேர்த்துவிடுவார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். யாரும் கடிந்து பேசவில்லை. பேங்க் கேஷியருக்கு முதுகுவலி. இன்னொருவர் வண்டி இருந்த இடத்தில் இப்போது அவர் மகனின் பைக் நிற்கிறது. கோயம்புத்தூர் தம்பி ரொம்பத் தயங்கினான். “வித்துப்போட்டேனுங்க அக்கா. அடுத்த ரேஸுக்குப் பெரிய வண்டியிலதான் வர்றேன். கோவிச்சுக்காதீங்க” என்றான். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மேசைக்குத் திரும்பினேன்.

என்னையும் சேர்த்து ஏழு வரை தேறியது. பல் டாக்டரை மூன்று முறை கூப்பிட்டேன். அவர் வண்டி இரண்டு வருடமாக ஷெட்டில் நின்றது. நான்காவது முறை, சரி, உங்களுக்காக வருகிறேன் என்றார். அவர்தான் எட்டாவது.

எங்கள் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் ரயிலில் போனோம். சனிக்கிழமை காலை வண்டிப் பரிசோதனையில் எட்டும் தேறின. அதிகாரிகள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பயிற்சி ஓட்டம் முடிந்து வந்த டாக்டர், வளைவில் சீட்டுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று என் கணவரைக் கூப்பிட்டார். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் நேரே குழாயடியில் நின்றிருந்த என்னிடம் வந்தார்.

“கூண்டுல வெல்டிங் விட்டிருக்கு. பெயின்டுக்கு அடியில பூரா துரு. வண்டி உருண்டுச்சுன்னா மனுசன் தேற மாட்டாரு.”

இங்கேயே வெல்டிங் அடிக்க முடியாதா என்று கேட்டேன். மேலே ஒட்டும், உள்ளே பிடிக்காது என்றார். அப்போது நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“பத்தே சுத்துதானங்க. ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்கள்ல.”

அவர் சத்தம் போடவில்லை. டார்ச்சை என் பக்கம் நீட்டினார்.

“அப்ப நீயே போயி அவர்ட்ட சொல்லு, ஒண்ணுமில்ல, ஓட்டுங்கன்னு.”

டாக்டர் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தார். என்னால் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை. என் கணவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அவரே போனார். டாக்டர் எழுந்து வந்து, காரின் கதவு வழியாகக் கையை விட்டுக் கூண்டுக் குழாயைத் தடவினார். விரலில் துரு பொடியாக வந்தது.

“நான்தான் பார்த்திருக்கணும்” என்றார். என்னிடம் வந்து மன்னிப்பு வேறு கேட்டார். அவரே அதிகாரிகளிடம் போய் விலகிக்கொண்டார்.

பின்னாலேயே நானும் போனேன். இத்தனை தூரம் வந்திருக்கிறோம், இந்த ஒரு தடவை ஏழோடு விடுங்கள் என்று கேட்டேன். அந்த அதிகாரி தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்காரச் சொன்னார். விதிப்புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்கும் அது பிடித்த வேலையாகத் தெரியவில்லை. யாராவது அநியாயம் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அங்கே யாருமே அப்படிச் செய்யவில்லை.

மறுநாள் பெரிய வண்டிகளுக்குப் பின்னால் எங்கள் ஏழையும் நிறுத்தினார்கள். ஐந்து சுற்று வரை எங்களுக்குள் ஓட்டினோம். நான் மூன்றாவதாக இருந்தேன். அப்புறம் நீலக் கொடி காட்ட ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று முந்திய வண்டி பின்னால் வருகிறது, வழி விடு என்று அர்த்தம். ஒதுங்கினேன். மீண்டும் வரிசைக்கு வருவதற்குள் அடுத்த கொடி. வழி விட்டு வழி விட்டு, என் முன்னால் போனவர்கள் எங்கே என்றே தெரியாமல் போய்விட்டது. ஒரு வண்டி தாண்டும்போது உள்ளேயிருந்து கை உயர்ந்தது. கோயம்புத்தூர் தம்பி. நன்றி சொல்கிறான். நானும் கையைத் தூக்கினேன். ஹெல்மெட் கண்ணாடிக்குள் வேர்வை வழிந்து எதுவும் தெரியவில்லை. வேர்வை மட்டும்தானா என்று கேட்டால் தெரியாது. கடைசிக் கொடி விழும்வரை ஓட்டி முடித்தேன். எங்களுக்கென்று தனியாக முடிவு எதுவும் அறிவிக்கவில்லை.

அடுத்த வருடப் படிவத்தில் எங்கள் பிரிவே இல்லை.

காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. சாலையில் ஓட்ட அதற்குப் பதிவுக் காகிதம் கிடையாது, பந்தய வண்டியாக்கியபோதே ஆர்டிஓவில் ஒப்படைத்துவிட்டோம். வாங்கவும் ஆள் இல்லை. கராஜ் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி இரண்டு மழைக்காலம் நின்றது. பிறகு கராஜை ஒட்டி ஓடும் சாக்கடைக் கால்வாயை அகலப்படுத்தப்போகிறோம், ஓரத்தைக் காலி செய்யுங்கள் என்று முனிசிபாலிட்டி சொன்னது. என் கணவர் காரை அவரே வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவதாகச் சொன்னார். வேறு ஆளை விட மனம் வரவில்லை அவருக்கு. வெட்டிய அன்று நான் லீவு போடவில்லை. மதியம் போன் வந்தது.

“ஸ்டியரிங்க எடுத்து வைக்கவா?”

வேண்டாம் என்றேன்.

“நிசமாத்தான?”

ஆமாம் என்றேன். அவர் போனை அணைக்காமலே பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கட்டர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சயானில் இறங்கி கராஜுக்கு நடந்தேன். அவர் முகம் கழுவிச் சட்டை மாற்றியிருந்தார். கைமூட்டுக்கு மேலே தீப்பொறி பட்டுச் சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. பர்னால் களிம்பு தடவிவிட்டேன். உள்ளே யாருடைய காரோ பானட் திறந்து நின்றது. அதற்கு என்ன என்று கேட்டேன். க்ளட்ச் போய்விட்டது, நாளைக்குக் காலையில் கொடுக்கணும் என்றார். நான் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் வேலையை முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.