ஷாரோன் வரைந்த பெட்டி

செவிலிமேட்டில், பாலிடெக்னிக் மாணவர்கள் எலக்ட்ரானிக்ஸ் பழகுவதற்கான பயிற்சிக் கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அந்தக் கருவிகளுக்குத் தகட்டுப் பெட்டி வரைந்து தருவது பதினெட்டு வருடமாகத் திருஞானசம்பந்தம்தான். நல்ல மனிதர். பொறாமை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவர் தலையில்தான் ஷாரோன் வந்து விழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். முன்பக்கம் சாய்வாக, பையன்கள் குனியாமல் ஒயர் சொருகுகிற மாதிரி ஒரு பெட்டியை வரைந்து காட்டினாள். முதலாளியம்மா கலைவாணி அசந்துபோனார்.

"இது நல்லா வந்துச்சுன்னா இனிமே எல்லாப் பெட்டியும் ஷாரோனே வரையட்டும்" என்று சம்பந்தத்தை வைத்துக்கொண்டே சொன்னார். சம்பந்தத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினெட்டு வருடத்தில் தன்னிடம் யாரும் அப்படி அசந்ததில்லை.

அந்தப் பெண்ணோ படத்தை அவரிடமே கொண்டுவந்தாள். "ஒரு தடவ பாத்துடுங்க சார். தப்பு இருந்தா சொல்லுங்க."

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒயர் சொருகும் ஓட்டைகள் மடிப்புக்கு மிகவும் கிட்டே இருந்தன. தகட்டை மடக்கும்போது அத்தனையும் முட்டை மாதிரி இழுபட்டுப் போகும். ஒரு சாக்கெட்கூட உட்காராது.

"நல்லா இருக்குதும்மா, பட்டறைக்கு அனுப்பிடு" என்றார்.

மூன்றாம் நாள், யாரும் சொல்லாமலே, கம்பெனிக்குத் தகடு வெட்டி மடக்கித் தரும் அப்துல் சத்தாரின் பட்டறைக்குப் போனார். கோணிப்போன பெட்டியை முதலில் பார்க்கும் சந்தோஷத்தை அவரால் விட முடியவில்லை.

மேசைமேல் பெட்டி இருந்தது. ஓட்டைகள் எல்லாம் வட்டம். விரலை விட்டே பார்த்தார்.

"ஓட்ட எப்படி பாய் இழுபடல?"

சத்தார் நிமிர்ந்து பார்த்தார். "மடிப்புக்குக் கிட்ட இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன். 'நல்லவேள அண்ணே'ன்னு அன்னிக்கே மாத்தி அனுப்பிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டார்.

சம்பந்தம் ஓட்டையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். சத்தார் ஆணியில் குத்தியிருந்த காகிதக் கத்தையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். எல்லாம் சம்பந்தம் வரைந்த படங்கள். ஒவ்வொன்றிலும் பென்சில் திருத்தம்.

"மடக்கினா தகடு நீளும் இல்ல, அந்தக் கணக்கு உங்களுக்கு எப்பவும் ஒரு மில்லி இடிக்குது. நானே பாத்து வெட்டிக்கினு இருக்கேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்!"

"மொத வருஷம் சொன்னேனே. மூணு மாசம் இந்தப் பக்கமே வரலியே நீங்க. வேலையெல்லாம் வேற பட்டறைக்குப் போச்சு."

அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சத்தார் டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்து ஆறியும் போனது.

பொறாமை மட்டும் ஆறவில்லை. ஆனால் அது இப்போது அந்தச் சாய்வுப் பெட்டிமேல் இல்லை. முதலாளியம்மா அசந்ததும் நினைவில் இல்லை. சத்தார் ஷாரோனுக்குப் போட்ட அந்த ஒரு போன்மேல்தான் வயிறு எரிந்தது.