கல்லூரியின் வயிற்றுவலிக்காரர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வயிற்றுவலிதான் வேலை. மருத்துவக் கல்லூரியில் பரீட்சை நடக்கும்போது கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொள்வார். மாணவர்கள் வந்து கேள்வி கேட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பு செருப்புக் கடையில் இருந்தார். காலைக் கடிக்கிற செருப்பை, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி விற்ற முகம் இந்த வேலைக்கு அப்படியே பொருந்திப்போனது. கல்லூரி முழுக்க அவருக்கு வயிற்றுவலிக்காரர் என்றே பெயர். வீட்டில் எப்போதாவது நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அதெல்லாம் காலேஜோட வச்சுக்கங்க" என்பாள்.

போன வருடம் கல்லூரியின் அங்கீகாரத்துக்கு ஆபத்து வந்தது. ஆய்வுக் குழு வந்து பார்த்துவிட்டு, அங்கீகாரத்தைப் பறிக்காமல் கண்காணிப்பில் வைத்தது. குறைகளைச் சரிசெய்யாவிட்டால் படிக்கிற பிள்ளைகளின் பட்டம் செல்லாக்காசு. பரீட்சை ஒரே மாதிரி நடப்பதில்லை, ஒவ்வொரு ஆசிரியரும் தன் இஷ்டத்துக்கு மார்க் போடுகிறார் என்பது குழு எழுதிய குறைகளில் ஒன்று. உண்மைதான். உடனே கல்லூரி தலைகீழாக நின்றது. நோயாளி என்ன சொல்ல வேண்டும், எங்கே முனக வேண்டும், மாணவர் என்ன கண்டுபிடிக்க வேண்டும், எல்லாம் அச்சடித்து வந்தது. இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தால் மொத்தமும் அவுட். பரீட்சை வைக்கும் டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது, நோயாளியைத் தொடக் கூடாது; சுவரோரம் உட்கார்ந்து டிக் போட வேண்டியதுதான். டிக் போடுவதற்கு எதற்கு டாக்டர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அத்தானுக்கு நடிக்கக் கொடுத்தது வயிற்றுப்புண். கட்டி கிட்டி எதுவும் கிடையாது.

கடைசி வருடப் பெண் ஒருத்தி வந்தாள். கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு தொட்ட ஒரே ஆள் அவள்தான் என்று அத்தான் பிறகு சொன்னார். விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் அழுத்தியவள் கையை அப்படியே நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"கட்டி மாதிரி தெரியுது சார்" என்றாள்.

சுவரோரம் இருந்தவர் தாளைப் பார்த்தார். தப்பு போட்டார்.

சாயங்காலம் பரீட்சைப் பொறுப்பாளர் அம்மா அத்தானைக் கூப்பிட்டு, "நீங்களா ஏதாவது சேர்த்து நடிச்சீங்களா?" என்று கேட்டார். வேலை போய்விடுமோ என்று இவருக்குக் கலக்கம்.

"இல்லைங்க மேடம். எழுதிக் குடுத்தபடிதான் படுத்திருந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். அக்கா தொட்டாள், ஒன்றும் தெரியவில்லை. என்னையும் தொடச் சொன்னார்கள். எனக்கு எல்லா வயிறும் ஒன்றுதான். ரிசல்ட் வரட்டும் என்றார் அத்தான். யாருக்கோ வர வேண்டிய ரிசல்ட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

அந்தப் பெண் ஃபெயில். கூடப் படித்தவர்களெல்லாம் டாக்டராகிப் போக, அவள் அதே வருடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

"அப்போ ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்" என்றாள் அக்கா. "பெரிய டாக்டருங்களே அவ சொன்னது தப்புன்னு சொல்லிட்டாங்க."

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்.

கல்லூரிக்கு அங்கீகாரம் முழுசாகக் கிடைத்தது. பரீட்சை நடத்தும் முறையைக் குழு தனியாகப் பாராட்டியதாம். வாசலில் பேனர் கட்டினார்கள். அதற்குள் அத்தானின் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கண் மஞ்சளாகியிருந்தது. அதே கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்த டாக்டர், "இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். இங்கேதான் இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா அழவில்லை, நானும் அழவில்லை. மரத்துப்போன காலை ஊன்றுகிற மாதிரி வார்டுக்கும் மருந்துக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பேராசிரியர் மாணவர்களோடு கட்டிலுக்கு வந்தார். அந்தப் பெண்ணும் இருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது; அத்தான் என் கையை அமுக்கியதில் புரிந்தது.

"நீ பாரும்மா" என்றார் பேராசிரியர்.

அவள் தொட்டாள். நாற்காலியிலிருந்து பார்த்தாலே மேடு தெரிகிற வயிறு.

"என்ன தெரியுது?"

அவள் கையை எடுக்கவில்லை. பேராசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

அத்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இருக்கும்மா, சொல்லு. அன்னைக்கும் இருந்துச்சு."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று பேராசிரியருக்குப் புரியவில்லை. அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.