என் பெயரில் வந்த சைக்கிள்

எழுபதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்குச் சாக்கு தைக்கும் வேலை. எங்கள் ஊர்ப் பெண்களை ஆலை லாரிதான் ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடும். ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சைக்கிள் தரப்போவதாகச் சொன்னார்கள். தொழிலாளர்கள் சைக்கிளில் வந்தால் முதலாளிக்கு வருமான வரியில் சலுகையாம். ஏதோ எங்களுக்கே சலுகை கிடைத்தது போல மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

எங்களில் ஒருத்திக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, வேலை போய்விடுமோ என்று நாங்களும் வாய் திறக்கவில்லை. கொடுக்கிற அன்று இன்னொரு கூத்து. பெண்கள் கையில் வண்டியைக் கொடுப்பது முறையில்லை என்று வீட்டு ஆண்களை வரவழைத்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள், என் கணவர் போய் வாங்கினார். சந்தனம் குங்குமம் வைத்த அந்த ஹேண்டில்பாரை நான் தொடக்கூட இல்லை.

மறுநாள் காலையில் அவரிடம், "ஆலையில கொண்டுபோய் வுடுங்க" என்றேன்.

"பொண்டாட்டிய பின்னால உக்கார வச்சு வேலைக்குக் கொண்டுபோனா நாலு பேரு என்ன பேசுவான்?"

"அப்ப நானே கத்துக்கறேன். எம் பேருக்கு வந்த வண்டிதானங்க?"

"சேலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு ரோட்டுல போவியா? மானத்த வாங்காத."

சொல்லிவிட்டு அதே சைக்கிளில் டீக்கடைக்குப் போனார். என் கூலியில் டீ குடிக்கும்போது அந்த மானம் எங்கே போயிருந்ததோ!

நான் சோளக்காட்டு வரப்போடு நடந்தேன். பாதி வழியிலேயே ஆலைச் சங்கு ஊதிவிடும். மீதி வழியை ஓடுவேன்.

வரி ஆபீசிலிருந்து ஆள் வந்த அன்று, ஆண்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். "வசதியா இருக்காம்மா?" என்று அந்த அதிகாரி கேட்டார். மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வசதிங்க சார்" என்றோம். அவர் ஜீப் போனதும் ஆண்கள் சைக்கிள்களை வாங்கி ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் என்னை ஆலை கேட்டிலேயே நிறுத்தினார். "கம்பெனி சைக்கிள் குடுத்தும் லேட்டா? நாளையிலேர்ந்து வராத."

"நடந்துதான் சார் வரேன். காலைப் பாருங்க."

முழங்கால் வரை புழுதி. பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நடந்து வரேன்னு வெளியில சொல்லிடாத. முதலாளிக்கு அந்தச் சலுகை போயிடும்" என்றார்.