பூச்சிக்கடி என்று பதிவான காயம்

ஒக்கலிபுரத்தில் யாருக்கோ நாய் நகம் லேசாகப் பட்டதாம். மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனாராம். ஒன்றரை மாதம் கழித்துத் தண்ணீர் டம்ளரைக் கண்டதும் மிரண்டு, நாலே நாளில் போய்விட்டாராம். அலுவலகத்தில் டீ ஊற்றும் சின்னத்தாயிக்கு அவள் நாத்தனார் சொன்ன கதை அது.

"நெசமோ புளுகோ, ஆஸ்பத்திரி வேல பாக்கறவ நீதான்மா சொல்லணும்," என்றாள் சின்னத்தாயி.

"நெசமாத்தான் இருக்கும்க்கா," என்றாள் ரூபினி.

அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கவில்லை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் அவள் தெருவே அப்படித்தான் நம்புகிறது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் இன்சூரன்ஸ் கேட்கும் எண்ணைப் போடுவது அவள் பிழைப்பு. டபிள்யூ ஐம்பத்து நாலு நாய், ஐம்பத்தேழு பூச்சி. எட்டு வருஷமாகிறது. "அங்க எவன எது கடிச்சாலும் மொதல்ல என் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்," என்பான் கணவன் உமேஷ்.

செவ்வாய்க்கிழமை வந்த சார்ட், அதாவது சிகிச்சைக் குறிப்பு, முப்பத்து நாலு வயதுப் பெண்ணுடையது. 'இடது முன்கையில் பூச்சிக்கடி, களிம்பு கொடுத்தேன்' என்று மருத்துவர் முடித்திருந்தார். அதற்கு மேலே நர்ஸ் எழுதியிருந்தாள்: 'கண் விழித்தபோது படுக்கையறையில் வௌவால் இருந்ததாகச் சொல்கிறார்.' ரேபிஸ் ஊசி போட்டதாக எங்கும் இல்லை. ரூபினி மைக்ரோபயாலஜி படித்தவள். வௌவாலும் ரேபிஸைப் பரப்பும். அதன் பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், ஆனால் நோய் வெளியே தெரிந்தபிறகு எந்த ஊசியும் உதவாது.

மருத்துவர் எழுதியதற்குத்தான் எண் போடலாம். சந்தேகம் என்றால் 'க்வெரி' போட்டு அவரிடமே எழுத்தில் கேட்கவேண்டும், பதிலை அவர் வாயில் திணிக்காமல். போன மாதம் ஒரு கேள்வியில் நர்ஸ் குறிப்பைச் சேர்த்தது பதிலைத் திணிப்பது என்று, வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டில் மார்க்கை வெட்டியிருந்தார்கள். அந்தப் பயத்தில் இந்தமுறை வௌவால் பேச்சையே எடுக்காமல், 'கடித்தது எது? பூச்சி, விலங்கு, பிற, தெரியவில்லை' என்று மட்டும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பூச்சிக்கு நேரே ஒரு டிக். சார்ட்டை மூடிவிட்டார்கள்.

அவள் டீம் லீட் பாலகுமாரிடம் போய் நின்றாள். வேலூரிலிருந்து வந்தவன், சாதாரணமாகக் கடுமையாகப் பேசமாட்டான்.

"நர்ஸ் நோட்டுல வௌவால்னு இருக்கு சார். ஊசி போடல."

"க்வெரி போட்டியா?"

"போட்டேன். வௌவால்னு எழுதல."

"ஏன்?"

"போன தடவ அதுக்குத்தான மார்க் வெட்டினீங்க."

அவன் நாற்காலியை ஸ்கிரீன் பக்கம் திருப்பிக்கொண்டான். "திரும்பத் தெறக்கச் சொல்லி மெயில் போடறேன். மூணு வேல நாள் ஆவும்."

"நடுவுல சனி ஞாயிறு. அந்தம்மா வந்துட்டுப் போயே பதினோரு நாள் ஆச்சு."

"நம்ம தெருவுல கடிச்சா எவன் எழுதறான்? நீ அமெரிக்கா வௌவாலுக்குக் கண்ணு கலங்கற." சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. "நாம டாக்டர் இல்லம்மா."

"ஒரு போன் பண்ணிடட்டுமா?"

"பேஷண்ட்டுக்கா? வேல போயிடும்."

"அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல இருக்கற சிந்தியாவுக்கு."

"அதுக்கும் பர்மிஷன் கெடையாது. நீ என்கிட்ட கேக்கல, நான் சொல்லல. போ," என்றபடியே அவன் மெயிலைத் தட்டத் தொடங்கினான்.

ஏழு மணிக்கு லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். சிந்தியாவின் மெயிலுக்கு அடியில் இருந்த எண்ணைக் கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அங்கே காலை ஒன்பதரை. முதலில் எதைச் சொல்வது? பெயரைச் சொல்லக்கூடாது, சார்ட் எண்ணைச் சொல்லலாமா தெரியாது. வௌவால் என்ற ஒரு வார்த்தையை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். கீழே ஹெப்பால் போகும் அலுவலக கேப் ஒன்று ஆளைக் கூப்பிட்டு ஹாரன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். ஐந்தாவது ரிங், ஆறாவது ரிங். யாரும் எடுக்கவில்லை, மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.